குவியல் எந்த மணலோட முடியுது? வம்புக் கேள்விக்கு அக்கா தர்ற டிப்ஸ்

ஒரு மணல் குவியல் இருக்கு. அதுல இருந்து ஒரே ஒரு மணலை எடுத்துட்டா அது குவியல் இல்லாம போயிடுமா? போகாது. இன்னொரு மணல்? அப்பவும் போகாது. இப்படியே தலையாட்டிக்கிட்டே வந்தா, கடைசியில தரையில ஒத்தை மணல் கிடக்கும். அதையும் குவியல்னு நீ ஒத்துக்கணும், ஏன்னா நடுவுல எந்த இடத்துலயும் நீ "இல்ல"ன்னு சொல்லவே இல்ல. கி.மு. 4-ஆம் நூற்றாண்டுல மிலேட்டஸ் ஊர்க்காரர் யூபுலிடீஸ் கிளப்பி விட்ட வம்பு இதுன்னு சொல்வாங்க. அரிஸ்டாட்டில் காலத்து ஆளு, அவரோட ஒத்துப்போகாதவர். வழுக்கையை வச்சும் இதே கேள்வி உண்டு: ஒரு முடி கொட்டினா வழுக்கை ஆயிடுமா, ரெண்டு கொட்டினா?

வேலை வெட்டி இல்லாதவங்க பேச்சுன்னு தள்ளிடாதே தங்கச்சி. "இன்னும் ஒரே ஒரு நிமிஷம்மா"ன்னு போனைக் கீழ வைக்காத உன் பையன் ஓட்டறது இதே மணல் கணக்குதான். "ஒரு நாளைக்கு வெறும் முப்பது ரூபாதான் மேடம்"னு தவணையில பொருள் தலையில கட்டறவர் பேசறதும் இதேதான். உயரம், வயசானவர், பணக்காரர், சீக்கிரம், நிறைய... இப்படி எல்லை மங்கலான சொல் எங்கெல்லாம் இருக்கோ, அங்கெல்லாம் இது நுழையும். தத்துவக்காரங்க ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல இதோட மல்லுக்கட்டி இருக்காங்க. உனக்கு அவ்வளவு நேரம் கிடையாது, தெரியும். அதனால முக்கியமானதை மட்டும் சொல்றேன்.

1. முதல்ல இது மங்கல்தானான்னு பாரு

முக்கால்வாசிப் பேர் சறுக்கற இடமே இதுதான். புரியாத எல்லாத்தையும் "தெளிவில்ல"ங்கற ஒரே மூட்டையில கட்டிடறாங்க. மூணு வேற வேற சமாச்சாரம் இருக்கு, கலக்காதே.

• ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள்: "ஆறு"ன்னா நதியும் ஆகும், எண்ணும் ஆகும். எதைச் சொல்றேன்னு கேட்டா முடிஞ்சது. இது இரட்டைப் பொருள், மங்கல் இல்ல.

• விவரம் பத்தல: "சொந்தக்காரர் ஒருத்தர் வர்றார்"னா யாருன்னு தெரியாது. பேரைச் சொன்னா தெரிஞ்சிடும். இதுவும் மங்கல் இல்ல.

• எல்லா விவரமும் கையில இருந்தும் முடிவு பண்ண முடியல: இதுதான் மங்கல்.

இதுக்கு ஒரு சுருக்கு வழி வச்சுக்கோ. டேப்பை எடுத்து அளந்து பாரு. பக்கத்து வீட்டுப் பையன் 5 அடி 7 அங்குலம்னு சுத்தமா தெரிஞ்சுபோச்சு. இனி அளக்கறதுக்கு ஒண்ணுமே பாக்கி இல்ல. அப்பவும் "உயரமான பையனா?"ன்னு கேட்டா இழுக்கறியா? அப்போ குறை உன் தகவல்ல இல்ல, அந்தச் சொல்லுக்கே விளிம்பு கலங்கலா இருக்கு. அளந்த பிறகும் சண்டை நீடிச்சா மங்கல், அளந்ததும் சண்டை தீர்ந்தா அது வெறும் தெரியாமை. (அளந்த பிறகும் தெரியாமைதான் பாக்கின்னு சொல்ற ஒரு கட்சி இருக்கு. அவங்ககிட்ட அப்புறம் வர்றேன், அவசரப்படாதே.)

2. படிப்படியா கேக்கறவங்களுக்குப் படிப்படியா பதில் சொல்லாதே

"இது ஆமாவா? இது? சரி, இது?"ன்னு ஒருத்தர் ஒவ்வொரு படியா இறக்கிக் கூட்டிக்கிட்டுப் போறார்னா, கூடவே போகணும்னு உனக்கு எந்தத் தலையெழுத்தும் இல்ல. கி.மு. 3-ஆம் நூற்றாண்டு ஸ்டோயிக் தத்துவக்காரர் கிரிசிப்பஸ் கண்டுபிடிச்ச உபாயம் இதுதான்: சந்தேகம் வர்ற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே வாயை மூடிக்கோ. பதில் தெளிவா இருக்கும்போதே நிறுத்திடணும், தடுமாறின பிறகு இல்ல. தேரோட்டி பள்ளத்துக்கு முன்னாடியே கடிவாளத்தை இழுக்கற மாதிரின்னு இதை சிசரோ எழுதி வச்சிருக்கார்.

பிற்காலத்துல வந்த கார்னியாடிஸ் இதைக் கேட்டுச் சிரிச்சார். நீ வாயை மூடு, குறட்டைகூட விடு, எனக்கென்ன. உன்னை எழுப்பி விட்டு அதே கேள்வியைக் கேக்க இன்னொருத்தன் வருவான்ங்கற தோரணையில கிண்டல் பண்ணினார். நியாயமான கிண்டல்தான். மௌனம் புதிரைத் தீர்க்காது. ஆனா உன்னை மாட்டாம காப்பாத்தும். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் அது போதும்.

வாயை மூடறது உன் குணத்துக்கு ஒத்துவரலைன்னா வேற வழி இருக்கு: அதே வாதத்தைத் தலைகீழா ஓட்டிக் காட்டு. ஒரு மணல் குவியல் இல்ல. ஒரு மணல் கூடினதால எதுவும் புதுசா குவியல் ஆயிடாது. அப்போ லாரி லாரியா கொட்டினாலும் குவியல் வராது! ஒரே வாதம் ஒத்தை மணலையும் குவியல்னு நிரூபிக்குது, மலையையும் குவியல் இல்லன்னு நிரூபிக்குது. ரெண்டு பக்கமும் வெட்டற வாதத்தை வச்சு ஒரு பக்கம் மட்டும் உன்னை வெட்ட வந்தவர் அதுக்கப்புறம் பேச மாட்டார். "ஒரு நிமிஷம்தானே"ங்கற பையன்கிட்ட, "சரி, ஒரு நிமிஷம் முன்னாடி வச்சாலும் ஒண்ணும் குறைஞ்சு போகாதுதானே"ன்னு சொல்லிப் பாரு. முறைப்பான். ஆனா பதில் இருக்காது.

டாக்டர்களும் இதுல மாட்டினவங்கதான் தெரியுமா? "பல தடவை பார்த்து வந்த அனுபவம்தான் மருத்துவம்"னு சொன்ன ஒரு கூட்டத்தை எதிராளிங்க மடக்கினாங்க: பல தடவைன்னா எத்தனை? அம்பதா? அப்போ நாப்பத்தொம்பதுல வராத ஞானம் ஒண்ணு கூடினதும் வந்துடுமா? கி.பி. 2-ஆம் நூற்றாண்டு வைத்தியர் கேலன் இந்தச் சண்டையை விலாவாரியா எழுதியிருக்கார். அந்த நூல் முழுசா நமக்குக் கிடைச்சது அரபு மொழிபெயர்ப்பு வழியாத்தான்.

3. எல்லாச் சொல்லையும் சாணை பிடிக்காதே

புதுசா தத்துவம் படிக்கறவங்களுக்கு வர்ற முதல் காய்ச்சல் இது. "உயரம்னா 5 அடி 9-க்கு மேலன்னு வச்சிட்டா பிரச்சினை தீர்ந்ததுல்ல?"ன்னு கேப்பாங்க. பெரிய ஆளுங்களே கேட்டிருக்காங்க. தர்க்க அறிஞர் ஃப்ரேகே 1903-ல, கூரான எல்லை இல்லாத கருத்து கருத்தே இல்லங்கற அளவுக்குக் கறாரா நின்னார். அவர் கட்டிக்கிட்டு இருந்தது கணக்குக்கான தர்க்கம், அங்க அது நியாயம். அதைக் கொண்டுவந்து குடும்பத்துக்குள்ள வச்சா நாள் ஓடாது.

தத்துவக்காரர் ரஸ்ஸல் 1923-ல எழுதின கட்டுரையில வேற திசையில போனார். சிவப்பு, வழுக்கை மட்டும் இல்ல, மீட்டர்னு நாம நம்பற அளவுகூட மங்கல்தான்னார். பாரீஸ்ல இருந்த அளவுகோல்ல ரெண்டு கோடு கீறி அதுதான் மீட்டர்னு சொன்னாங்க. அந்தக் கீறலுக்கே ஒரு தடிமன் உண்டே, அதுல எந்த ஓரத்துல இருந்து அளக்கறது? "உண்மை", "இல்ல", "அல்லது"ன்னு தர்க்கத்துல புழங்கற சொற்களைக்கூட அவர் விடல. நாம சொல்லிக் குடுக்கற தர்க்கம் இந்த மண்ணுலக வாழ்க்கைக்கு இல்ல, ஏதோ தேவலோகத்துக்குன்னு முடிச்சிட்டார். மனுஷன் கொஞ்சம் அதிகமாவே போயிட்டார்னு எனக்கு ஒரு எண்ணம் உண்டு. ஆனா மொழியில எதைத் தொட்டாலும் கையில கொஞ்சம் மங்கல் ஒட்டும்ங்கறது உண்மை.

இன்னொரு தத்துவக்காரர் விட்கென்ஸ்டைன் இதைச் சாமானியமா பார்த்தார். அவர் காலமான பிறகு 1953-ல வந்த புத்தகத்துல கேக்கறார்: "கிட்டத்தட்ட அங்க நில்லு"ன்னு கையைக் காட்டிச் சொல்றோம், அவனும் போய் நிக்கறான், வேலை நடக்குது, அப்புறம் என்ன குறை? மைசூர்பாக்குக்குச் சர்க்கரைப் பாகு வைக்கறே. விரலுக்கு நடுவுல தொட்டு இழுத்தா ஒத்தைக் கம்பியா வரணும்னு அம்மா சொல்லிக் குடுத்தா. கம்பி எவ்வளவு நீளத்துல அறுந்தா கம்பி இல்லன்னு யாரும் அளந்ததில்ல. பாகு மட்டும் பதமாத்தான் வருது. உப்பு "தேவையான அளவு"ன்னு எழுதறவங்க சோம்பேறி இல்ல. உன் வீட்டுத் தண்ணியும் உன் நாக்கும் அவங்களுக்குத் தெரியாது, அதனால முடிவை உன்கிட்ட விட்டிருக்காங்க.

4. கோடு தேவைப்படற இடத்துல தயங்காம போடு, ஆனா சாமி போட்ட கோடு மாதிரி நடிக்காதே

இந்திய வானிலைத் துறை என்ன பண்றாங்க பாரு. 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டர்ல இருந்து கனமழை, 115.6-ல இருந்து மிக கனமழை, 204.5 தொட்டா அதி கனமழை. 64.4-ல நனைஞ்சவனுக்கும் 64.5-ல நனைஞ்சவனுக்கும் சட்டை ஈரத்துல ஒரு வித்தியாசமும் இருக்காது. ஆனாலும் எச்சரிக்கை விடணும், பள்ளிக்கூடத்துக்கு லீவு விடலாமான்னு கலெக்டர் யோசிக்கணும். அதுக்கு ஏதாவது ஒரு எண் வேணும், வச்சாங்க. ஓட்டுப் போடற வயசும் அப்படித்தான். 21-ஆ இருந்தது, 61-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து 1989-ல 18 ஆச்சு. அந்த ராத்திரியில நாட்டுல இருந்த பதினெட்டு வயசுப் பிள்ளைங்க எல்லாருக்கும் திடீர்னு விவரம் முளைச்சிடல. 2006-ல வானியலாளருங்க கோள்னா என்னன்னு கறாரா வரையறுத்தாங்க, புளூட்டோ வெளிய போச்சு. புளூட்டோவுக்கு ஒண்ணும் ஆகல, அது பாட்டுக்குச் சுத்துது.

இந்தக் கோடுங்க எல்லாம் நாம போட்டது. இப்படித்தான் போட்டாகணும்னு இல்ல, ஆனா எங்கயாவது போட்டாகணும். "ஏன் 18? ஏன் 17 வயசு 11 மாசம் கூடாது?"ன்னு கேட்டா, "எங்க போட்டாலும் இதே கேள்வி வரும், அதனால"ன்னு சொல்லு. அதுக்கு மேல காரணம் தேடித் திணறாதே.

தண்டனை கூட வர்ற இடத்துல மட்டும் ரொம்ப ஜாக்கிரதை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 66ஏ பிரிவு, ரொம்பப் புண்படுத்தற மாதிரி, எரிச்சல் ஊட்டற மாதிரி இணையத்துல எதையாவது அனுப்பினா மூணு வருஷம் வரைக்கும் சிறைன்னு சொல்லிச்சு. எரிச்சல்னா யாருக்கு, எவ்வளவு? ஸ்ரேயா சிங்கால் வழக்குல 2015 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு. பேச்சுரிமையோட சேர்த்து, சொற்கள் இப்படி மங்கலா கிடந்ததும் ஒரு முக்கியமான காரணம். எது குத்தம்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க முடியாத சட்டத்தை வச்சு ஒருத்தரை உள்ள தள்ளக் கூடாது, இல்லையா?

அதுக்காக விதியைக் கறாரா எழுதிட்டா எல்லாம் சரியாயிடும்னும் நம்பாதே. ஹெச்.எல்.ஏ. ஹார்ட்னு ஒரு சட்ட அறிஞர், 1958-ல ஒரு சாதாரண விதியை எடுத்துக்கிட்டார்: பூங்காவுக்குள்ள வாகனம் கூடாது. கார் கூடாது, சரி. சைக்கிள்? ரோலர் ஸ்கேட்? பொம்மைக் கார்? லோன் ஃபுல்லர்னு இன்னொரு சட்ட அறிஞர் பதிலுக்கு ஒண்ணு போட்டார் பாரு: ரெண்டாம் உலகப் போர்ல ஓடின ஒரு லாரியைப் பீடத்துல ஏத்தி நினைவுச் சின்னமா பூங்காவுல வைக்கணும்னா, அது விதிமீறலா? அபார்ட்மெண்ட் சங்கத்துல விதி எழுதறவங்க யாராவது இருந்தா இதை அவங்க கண்ணுல படற மாதிரி ஒட்டி வை.

5. எந்தக் கோட்பாட்டையும் விலை கேக்காம வாங்காதே

இப்போ பெரிய கடைக்கு வந்துட்டோம். மங்கலை விளக்க நாலஞ்சு கோட்பாடு அடுக்கி வச்சிருப்பாங்க. ஒவ்வொண்ணும் பார்க்க அழகாத்தான் இருக்கும். அடியில ஒட்டின விலைச் சீட்டைத் திருப்பிப் பாரு. காலேஜ்ல செமினார் எடுக்கறவங்க இந்தப் பகுதியை நிதானமா படிங்க.

• ஃபஸ்ஸி லாஜிக்: உன் வீட்டு வாஷிங் மெஷின்லயே இந்தப் பேர் அச்சடிச்சிருந்தாலும் ஆச்சரியம் இல்ல. பாகு நகரத்துல பிறந்து, அமெரிக்காவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த லாட்ஃபி ஸாதே 1965-ல ஆரம்பிச்சு வச்சது. உண்மை, பொய்னு ரெண்டே இல்ல, பூஜ்யத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் எவ்வளவு வேணா இருக்கலாம். "உயரம்"ங்கறது ஒருத்தருக்கு 0.8 உண்மை, இன்னொருத்தருக்கு 0.3. 1969-ல கோகன்னு ஒருத்தர் இதைக் குவியல் புதிருக்குப் பயன்படுத்தினார்: ஒவ்வொரு மணலுக்கும் உண்மை துளித் துளியா குறையுது, அதனாலதான் நாம எந்தப் படியிலயும் ஏமாந்தது தெரியல. மெஷினுக்கு இது அருமையா வேலை செய்யும். ஜப்பான்ல செண்டாய் நகரத்து சுரங்க ரயில் 1987-ல இருந்து இதை வச்சுக் குலுங்காம நின்னு கிளம்புது.

விலை என்னன்னா, மொழிக்கு இது இடிக்குது. அகிலாவும் மாலாவும் அக்கா தங்கச்சி. அகிலா ஒரு விரக்கடை அதிக உயரம். அகிலா உயரம்ங்கறது 0.5 உண்மை, மாலா உயரம்ங்கறது 0.4 உண்மைன்னு வை. "இதுவும் அதுவும்"னு சேர்த்துச் சொன்னா, ரெண்டுல எது சின்னதோ அதுதான் மொத்த மதிப்புன்னு இவங்க வழக்கமான விதி. இப்போ இதைச் சொல்லிப் பாரு: "மாலா உயரம், அகிலா உயரம் இல்ல." மாலா உயரம் 0.4; அகிலா உயரம் இல்ல 0.5, சின்னது 0.4. அதாவது இந்த வாக்கியம் கிட்டத்தட்ட பாதி உண்மை! அகிலாதான் உயரம்னு கண்ணால பார்த்துக்கிட்டே இருக்கோம். இது முழுப் பொய்யா இருந்தாகணும். இன்னொரு குடைச்சல்: 0.4-ன்னு யார் சொன்னா? 0.41 ஏன் இல்ல? மங்கலை ஒழிக்க வந்து, தசம புள்ளியில கூரான எண்ணைக் கையில குடுத்துட்டுப் போறாங்க.

• எல்லாக் கோட்டையும் போட்டுப் பாரு: கிட் ஃபைன் 1975-ல விரிவா எழுதினது. உயரத்துக்கு நியாயமா எங்கெல்லாம் கோடு போடலாமோ அங்கெல்லாம் மனசுல போட்டுப் பாரு. எந்தக் கோடு போட்டாலும் உண்மையா வந்தா, அது உண்மை. எங்க போட்டாலும் பொய்யா வந்தா பொய். சில கோட்டுக்கு உண்மை, சிலதுக்குப் பொய்னா ரெண்டுங்கெட்டான். இப்போ அகிலா மாலாவுக்கு வா. மாலாவை உயரத்துல சேர்க்கற எந்தக் கோடும் அகிலாவையும் சேர்த்துத்தான் ஆகணும். அதனால "மாலா உயரம், அகிலா உயரம் இல்ல" எந்தக் கோட்டுலயும் தேறாது. சுத்தமா பொய். ஃபஸ்ஸி வழுக்கின இடத்துல இது ஊனி நிக்குது. எனக்கு இதுமேல ஒரு தனிப் பிரியம் உண்டு, மறைக்க மாட்டேன்.

விலையைக் கேளு. "ஏதோ ஒரு மணல்லதான் குவியல் முடியுது"ங்கற வாக்கியம் எந்தக் கோடு போட்டாலும் தேறும், அதனால அது உண்மை. எந்த மணல்னு கேட்டா, எந்த ஒரு மணலைப் பத்தியும் "இதுதான்"னு சொல்றது உண்மை ஆகாது. ஒரு ஆளு இருக்கார், ஆனா யாரைக் காட்டினாலும் "இவர்தான்"னு சொல்ல முடியாதுங்கற கதை. இதை விழுங்க முடிஞ்சா வாங்கு.

• கோடு இருக்கு, நமக்குத்தான் தெரியாது: முன்னாடி வர்றேன்னு சொன்ன கட்சி இதுதான். ராய் சோரன்சன் 1988-ல, டிமோதி வில்லியம்சன் 1994-ல புத்தகமே போட்டு வாதாடினாங்க. குவியலுக்கு மணல் கணக்குல கூரான எல்லை நிஜமாவே இருக்கு. அது எதுன்னு யாருக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் முடியாது. முதல்ல கேக்கும்போது எல்லாருக்கும் சிரிப்புதான் வரும். சிரிச்சிட்டு விட்டுடாதே, வில்லியம்சன் காரணம் வச்சிருக்கார். நிறைஞ்ச ஸ்டேடியத்தைப் பார்க்கறே. கூட்டம் எத்தனை பேர்னு சரியான ஒரு எண் இருக்கு. உன் கண்ணுக்கு இருபதாயிரம் பேர் உட்கார்ந்தாலும் இருபதாயிரத்து ஒருத்தர் உட்கார்ந்தாலும் ஒண்ணுதான். அதனால நீ "சுமார் இருபதாயிரம்"னுதான் தெரிஞ்சுக்க முடியும். தெரிஞ்சேன்னு சொல்லணும்னா, கொஞ்சம் பிசகினாலும் தப்பாகாத அளவுக்கு இடைவெளி விட்டுத்தான் சொல்லணும். குவியலோட கோட்டுப் பக்கத்துல அந்த இடைவெளி இல்ல, அதனாலதான் கோடு கண்ணுல மாட்டாதுங்கறார். பழைய தர்க்கம் ஒரு இழைகூடப் பிரியாம அப்படியே இருக்கும். பெரிய லாபம் அது.

விலை: அந்தக் கோட்டை யார் போட்டது? நாம எல்லாரும் அந்தச் சொல்லைப் புழங்கற மொத்தப் பழக்கம்தான் போடுதுங்கறார். எப்படின்னு பின்தொடர்ந்து போய்ப் பார்க்க வழி கிடையாது. எனக்கு இந்தப் பதில் தொண்டையில இறங்கல. அதே சமயம், எதிர்த்துப் பேசி அவரைக் கவுத்த ஒருத்தரையும் நான் பார்த்ததில்ல. இந்த விஷயத்துல யார்கிட்டயாவது சண்டைக்குப் போறதா இருந்தா, வில்லியம்சன் கட்சி ஆளுகிட்ட தயாரிப்பு இல்லாம போகாதே.

• கோடு நகருது: டயானா ராஃப்மன், டீலியா கிராஃப் ஃபாரா மாதிரி ஆளுங்க சொல்றது. நீ எந்த ரெண்டு பக்கத்துப் பக்கத்து மணலை உத்துப் பார்க்கறியோ, அங்க கோடு இருக்காது. உன் கண் படாத வேற எங்கயோ தள்ளிப் போயிருக்கும். புடவைக் கடையில சிவப்புல இருந்து ஆரஞ்சு வரை வரிசையா அடுக்கி வச்சா, பக்கத்துப் பக்கத்துல இருக்கற எந்த ரெண்டை எடுத்தாலும் ஒரே நிறமாத்தானே தெரியுது. அனுபவத்துக்குப் பொருந்துது. ஆனா கண்ணை எடுக்காம எல்லாத்தையும் ஒண்ணா விரிச்சு வச்சா என்ன சொல்றதுன்னு கேட்டுப் பாரு, குரல் கொஞ்சம் இறங்கும்.

"ரெண்டுங்கெட்டானா இருந்தா, உயரமும்தான், உயரம் இல்லாததும்தான்"னு சொல்ற சிறு கூட்டமும் உண்டு. ஆய்வுல ஆளுங்களைக் கேட்டப்போ நிறையப் பேர் இப்படிச் சொல்ல ஒத்துக்கிட்டாங்கன்னு 2011-ல ஆய்வுக் கட்டுரைகளே வந்திருக்கு. நம்ம வீடுகள்ல "பிடிக்கும், ஆனா பிடிக்காது"ன்னு தினம் கேக்கறதுதானே.

6. "நடுவாந்திரம்"னு மூணாவது டப்பா வச்சதும் கை தட்டாதே

"குவியல், குவியல் இல்ல, நடுவாந்திரம். மூணா பிரிச்சிட்டேன், தீர்ந்தது"ன்னு உட்காராதே. நடுவாந்திரம் எந்த மணல்ல ஆரம்பிக்குது? முன்னாடி ஒரு கோடு கேட்டாங்க, இப்போ ரெண்டு கோடு கேப்பாங்க. இன்னும் ரெண்டு டப்பா வச்சா நாலு. மங்கலுக்கு மேல மங்கல், முடிவே இல்ல. ஆபீஸ்ல "நன்று, சுமார், மோசம்"னு இருந்த மதிப்பீட்டை ஏழு படியா மாத்தின மேலதிகாரிங்க எல்லாம் இந்தக் குழியில விழுந்தவங்கதான். முன்னாடி ரெண்டு இடத்துல சண்டை, இப்போ ஆறு இடத்துல சண்டை.

7. கோடு இல்லங்கறதால வித்தியாசமே இல்லன்னு சொல்றவங்களை வாசல்லயே நிறுத்து

எல்லாத்தையும் விட ஆபத்தான தப்பு இது, அதிகம் புழங்கறதும் இதுதான். ராத்திரி எந்த நொடியில விடிஞ்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதனால ராத்திரியும் பகலும் ஒண்ணா? கண்டிப்புக்கும் கொடுமைக்கும் நடுவுல கோடு கிழிக்க முடியாதுங்கறதால, பிள்ளையைச் சூடு வச்சவர் "நான் கண்டிப்பா வளர்க்கறேன், அவ்வளவுதான்"னு சொன்னா விட்டுடுவியா? கடனும் அப்படித்தான், குடியும் அப்படித்தான். விளிம்பு மங்கலா இருக்கலாம், ரெண்டு முனையும் பட்டப்பகல் மாதிரி தெரியும். விளிம்பைக் காட்டி முனையை மறைக்கப் பார்ப்பாங்க, விடாதே.

தத்துவத்துலயும் இந்தப் பாதையில கடைசி வரைக்கும் போனவர் உண்டு. பீட்டர் உங்கர் 1979-ல குவியல் வாதத்தை அப்படியே பிடிச்சுக்கிட்டு, கல், மேஜை, நாற்காலி மாதிரி சாதாரணப் பொருள் எதுவுமே கிடையாதுன்னு எழுதினார். அதோட விடல. தான் இல்லன்னே ஒரு கட்டுரை எழுதினார்! இல்லாதவர் எழுதினதைப் படிச்சு முடிச்சா நமக்குத் தலைவலி மட்டும் நிஜமா வரும்.

சரி, வீட்டுக்கு வருவோம். கோடு போட வேண்டிய விஷயத்துல, ஆசை வர்றதுக்கு முன்னாடியே போட்டுடு. போன் ஒன்பது மணிக்கு வைக்கணும்னா எட்டு மணிக்கே சொல்லிடணும். ஒன்பதுக்கு உட்கார்ந்து பேரம் பேசினா, ஒவ்வொரு நிமிஷமும் சின்னதாத்தான் தெரியும், நீ தோத்துடுவே.

8. எங்க எண் கேக்கணும், எங்க கேக்கக் கூடாது

• டாக்டர் "காய்ச்சல் அதிகமானா வாங்க"ன்னா விடாதே. எத்தனை டிகிரி, எத்தனை நாள்னு கேட்டு எழுதிக்கோ.

• ஆபீஸ்ல "சீக்கிரம் முடிச்சுக் குடுங்க"ன்னா தேதி கேளு. அவங்க சீக்கிரமும் உன் சீக்கிரமும் ஒண்ணா இருக்காது.

• வாடகை ஒப்பந்தத்துல "நியாயமான அளவு பராமரிப்பு"ன்னு இருந்தா கையெழுத்துப் போடாதே. எது எது யார் செலவுன்னு பட்டியல் வாங்கு.

• மாமியார் "கொஞ்சம் காரம் போதும்மா"ன்னா எத்தனை மிளகாய்னு கேக்காதே. கேட்டா சண்டைதான். போட்டுக் குடு, அடுத்த தடவை முகத்தைப் பார்த்துச் சரி பண்ணிக்கோ.

• வீட்டுக்காரர் "நீ அழகா இருக்கே"ன்னா, யாரை விட, எவ்வளவுன்னு ஆரம்பிக்காதே. ஃப்ரேகே வேலை அது, உனக்கெதுக்கு?

9. படிக்க ஆரம்பிக்கறதா இருந்தா

நேரா ஃபைன் கட்டுரைக்குப் போகாதே, குறியீடு குறியீடா இருக்கும்; ரெண்டு பக்கத்துல மூடி வச்சிட்டு எனக்கு இதெல்லாம் வராதுன்னு முடிவு கட்டிடுவே. வராம இல்ல, வரிசை தப்பு. ரஸ்ஸலோட 1923 கட்டுரையில ஆரம்பி. சின்னது, ஒரு கணக்கும் இல்ல, குறும்பா எழுதுவார். அடுத்து வில்லியம்சன் புத்தகத்துல முதல் அத்தியாயங்களை மட்டும் படி. கிரேக்கர்ல இருந்து வரிசையா கதை சொல்றார், அவர் கட்சியில சேராதவங்களுக்கும் அது உதவும். அதுக்கப்புறம் ஃபைன் கிட்ட போ. அதையும் ராத்திரி பத்து மணிக்கு மேல, பாத்திரம் தேய்ச்சு முடிச்ச கையோட எடுக்காதே. ஞாயித்துக்கிழமை காலையில, பேப்பரும் பேனாவும் வச்சுக்கிட்டு உட்காரு, அகிலா மாலா கணக்கை நீயே ஒரு தடவை போட்டுப் பாரு.